அகசியாவுக்கு என்ன வயசு?

"அண்ணே, அகசியா ராஜாவாகும்போது அவனுக்கு என்ன வயசு?"

ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் பண்ணி சித்தி பையன் கேட்ட கேள்வி. ஏதோ வேத வினாவிடைப் போட்டிக்கு தயார் பண்றான்னு நினைச்சேன். சின்ன வயசிலேயே அந்தப் போட்டிகளில் டிபன் பாக்ஸ் டிபன் பாக்ஸா பரிசு வாங்கிக் குவிச்ச பயல் அவன். புத்தகத்தை எடுத்துப் பார்த்து "இருபத்திரண்டு"ன்னு சொன்னேன்.

"அது 2 இராஜாக்கள் 8:26. இப்ப 2 நாளாகமம் 22:2 எடுங்க."

எடுத்தேன். நாற்பத்திரண்டு.

"ஒரு அதிகாரம் முன்னாடி போங்கண்ணே. அவன் அப்பா யோராம் 32 வயசுல ராஜாவாகி, 8 வருஷம் ஆண்டு, செத்துப் போறான். அப்போ அப்பாவுக்கு 40. உடனே பட்டத்துக்கு வர்ற மகனுக்கு 42. எப்படி?"

எப்படின்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவன் கதையைச் சொல்லிடுறேன். இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்ல ஒரு வேதபாடக் குழு. அதை நடத்தின ஒரு அண்ணன், "பைபிள்ல வரலாறு, பூகோளம், எண்ணிக்கை எதிலயும் ஒரே ஒரு தப்பு கூட கிடையாது. ஒரு தப்பைக் காட்டிட்டா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடலாம்"னு சவால் விட்டிருக்கார். சவால் நாத்திகர்களுக்கு. ஆனா இஞ்சினியரிங் பையன்கிட்ட இப்படி ஒரு சவாலை விட்டா என்ன ஆகும்? ரெண்டு வாரம் உக்காந்து டெஸ்டிங் பண்ணியிருக்கான் :-). அகசியாவைக் கொண்டுபோய் காட்டினதும், "உன் இருதயத்துல பிரச்சினை இருக்கு, முதல்ல அதை சரி பண்ணு"ன்னு பதில் வந்திருக்கு.

பயல் அந்த சவாலின் ரெண்டாவது பாதியை அப்படியே நிறைவேத்திட்டான். லீவுக்கு மில்லர்புரம் வந்தவன், ராத்திரி எட்டரைக்கு ஆச்சி குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டா மாடியிலிருந்து இறங்கலை. மூணு நாள் ஆச்சி எதுவும் கேக்கலை. நாலாம் நாள் எனக்கு போன். "ஏலே, அவனுக்கு என்னலே ஆச்சு?"

அதான் இந்தப் பதிவு. முதல்லயே சொல்லிடுறேன், நான் இறையியல் படிச்சவன் இல்லை. பகல்ல ஜாவா எழுதி, ராத்திரி அதுல பூச்சி பிடிக்கிறவன். எபிரெயமும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. கொஞ்ச நாளா புத்தகங்களைப் புரட்டி, எனக்குத் தெளிவான வரைக்கும் எழுதுறேன்.

அகசியா விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். எபிரெய நாளாகமத்திலேயே 42 தான் இருக்கு. நம்ம பழைய திருப்புதல்காரங்க இருந்ததை இருந்தபடி மொழிபெயர்த்துட்டாங்க. பழைய சிரியாக்கு மொழிபெயர்ப்பில் 22. இன்றைய ஆங்கில பைபிள்கள் பலதும் 22-ன்னு போட்டு, கீழே சின்ன எழுத்துல எபிரெயத்துல 42-ன்னு ஒத்துக்குது. பிரதி எடுத்த யாரோ ஒருத்தர் கை தவறியிருக்கார். இதுல பெரிசா சண்டையே இல்லை. பிழையே இல்லைன்னு வாதிடுறவங்களும் இதைத்தான் சொல்வாங்க: "மூல ஆசிரியர் தன் கையால எழுதின பிரதியில் 22-ன்னு சரியாத்தான் இருந்திருக்கும்."

சரி. அந்த மூலப் பிரதி எங்கே? உலகத்துல எங்கேயும் இல்லை. பைபிளின் எந்தப் புத்தகத்துக்கும் ஆசிரியர் கையெழுத்துப் பிரதி இன்றைக்கு இல்லை.

இந்தக் கொள்கையோட முழு வடிவம் 1978-ல் சிகாகோவில் எழுதப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட இவாஞ்சலிக்கல் தலைவர்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை. வேதம் ஆன்மீக விஷயத்துல மட்டுமில்லை, வரலாறு, படைப்பு பற்றிச் சொல்றதுலயும் பிழையற்றதுன்னு அது சொல்லுது. அதே அறிக்கை, இந்தப் பிழையின்மை கறாராகப் பார்த்தால் மூலப் பிரதிகளுக்குத்தான், பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் மூலத்துக்கு எவ்வளவு உண்மையா இருக்கோ அந்த அளவுக்கு தேவவார்த்தைன்னும் சொல்லுது. முழு எண்ணாகச் சொல்றது, வரிசை மாத்திச் சொல்றது எல்லாம் பிழைக் கணக்கில் சேராதுன்னும் விளக்கம் இருக்கு. படிச்சா, நிதானமான ஆட்கள் எழுதினதுன்னு தெரியுது. ஹாஸ்டல் அண்ணன் அதிலிருந்து முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு சவாலாக்கிட்டார்.

எங்க தொழில்ல சொன்னா, கஸ்டமர் மெஷின்ல ஓடுறதுல பூச்சி இருக்கு, ஆனா தொலைஞ்சு போன சோர்ஸ் கோடுல பூச்சியே இல்லை. இருக்கலாம். ஆனா அதை வச்சு ஆச்சி கையில இருக்கிற புத்தகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாதே.

இந்த யோசனை 1978-ல் புதுசா முளைச்சதுன்னும் சொல்லிட முடியாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துலயே அகஸ்தீன், ஜெரோமுக்கு எழுதின கடிதத்துல, வேத ஆசிரியர்கள் தவறினதா நான் நம்பலை, முரண்பாடா ஏதாவது கண்டா பிரதி தப்பா இருக்கணும், இல்லை மொழிபெயர்த்தவர் தப்பு, இல்லைன்னா எனக்குப் புரியலைங்கிற பொருள்ல எழுதியிருக்கார். ஆனா மூலப் பிரதிங்கிறதை இப்படி ஒரு கோட்டையாக் கட்டினது 1881-ல் ஹாட்ஜும் வார்பீல்டும் எழுதின கட்டுரை. அந்த 1881 ஒரு வேடிக்கையான வருஷம், கீழே திரும்ப வரும்.

பயலுக்கு என் கேள்வி வேற. பிழை இருக்கா இல்லையாங்கிறதை விடு. பிழையே இல்லைன்னு வேதம் தன்னைப் பத்தி எங்கயாவது சொல்லியிருக்கா? ஒரு பிழை இருந்தா மொத்தமும் போச்சுங்கிற ஒப்பந்தத்தை அது நம்மகிட்ட போட்டிருக்கா?

எடுத்துக்காட்டுற வசனங்கள் நாலஞ்சுதான். சங்கீதங்கள் கர்த்தருடைய வார்த்தையைப் புடமிட்ட வெள்ளின்னு புகழுது. அது எழுதப்படும்போது இன்னைக்கு இருக்கிற பைபிளே தொகுக்கப்படலை. ஒரு எழுத்தின் உறுப்பு கூட ஒழியாதுன்னு இயேசு சொன்னது மத்தேயு 5:18. ஆனா அதே அதிகாரத்துல கொஞ்சம் தள்ளி, கண்ணுக்குக் கண்ங்கிற நியாயப்பிரமாணத்தை எடுத்து வச்சு, "நானோ உங்களுக்குச் சொல்றேன்"ங்கிற தொனியில வேற ஒண்ணைச் சொல்றார். நியாயப்பிரமாணம் நிறைவேறும்ங்கிறதைப் பத்தின பேச்சு அது. நாளாகமத்துல வயசு சரியா இருக்குங்கிறதுக்கான உத்தரவாதமா அதை எப்படி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலை. யோவான் 10:35-ல் வேதம் தவறாதுன்னு சொல்றது இதுல கொஞ்சம் வலுவானது, மறுக்கலை. அங்கயும் ஒரு சங்கீத வரியின் அதிகாரத்தை எதிராளிகள் தள்ள முடியாதுங்கிறதுதான் வாதம். 2 பேதுரு 1:21, தீர்க்கதரிசிகள் ஆவியால் ஏவப்பட்டுப் பேசினாங்கன்னு சொல்லுது. ஏவப்பட்டது சரி. ஏவப்பட்டதுன்னா எண்ணிக்கை பிசகாதுங்கிறது அடுத்த படி. அந்தப் படியை நாமதான் கட்டுறோம்: தேவன் பொய் சொல்லமாட்டார், வேதம் தேவனுடையது, ஆகவே வேதத்துல பிழை இருக்காது. தர்க்கமா ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அது ஒரு அனுமானம், வசனம் இல்லை.

மிச்சம் இருக்கிறது தலைமை வசனம். 2 தீமோத்தேயு 3:16. வேதவாக்கியமெல்லாம் தேவன் ஊதினது, உபதேசத்துக்கும் கண்டிக்கவும் திருத்தவும் பிரயோஜனமானது. (இந்தக் கடிதத்தைப் பவுலே எழுதினாரான்னு அறிஞர்களுக்குள்ள விவாதம் உண்டு. நம்ம பேச்சுக்கு அது வேண்டாம்.) "பிழையற்றது"ங்கிற சொல் அங்க இல்லை, "பிரயோஜனமுள்ளது"ங்கிற சொல் இருக்கு. இது பலர் சொன்னதுதான். எனக்குப் பிடிச்சது அதுக்கு முந்தின வசனம். சின்ன வயசிலேருந்தே உனக்கு இந்த எழுத்துக்கள் தெரியுமேன்னு தீமோத்தேயுவுக்கு ஞாபகப்படுத்துறார். எந்த எழுத்துக்கள்? பையன் லீஸ்திரா ஊர்க்காரன், இன்றைய துருக்கியில் இருக்கிற இடம். அப்பா கிரேக்கர், அம்மா யூதப் பெண். விருத்தசேதனம்கூட பெரிய ஆளான பிறகுதான். அவன் கைக்குக் கிடைச்சிருக்கக்கூடியது செப்துவாஜிந்து, அதாவது கிரேக்க மொழிபெயர்ப்பு. அதுல எரேமியா புத்தகம் எபிரெயத்தைவிட ஏறக்குறைய எட்டுல ஒரு பங்கு சின்னது. மூலப் பிரதி இல்லை, மூல மொழிகூட இல்லை. பிரதியின் பிரதிக்கு மொழிபெயர்ப்பு, அதுக்கும் ஒரு பிரதி. அதைப் பார்த்துத்தான் இது தேவன் ஊதினதுன்னு சொல்றார்.

அந்த விசுவாசம் அவனுக்கு யார்கிட்டேயிருந்து வந்ததுன்னும் அதே கடிதம் முதல் அதிகாரத்துல பேர் சொல்லுது. அம்மா ஐனிக்கேயாள். அவளுக்கும் முன்னாடி, லோவிசாள். தீமோத்தேயுவோட ஆச்சி.

இதை நான் போன்ல சொன்னப்ப பயல் கொஞ்ச நேரம் பேசலை.

இன்னொண்ணும் சொன்னேன். 1 கொரிந்தியர் 1:14 முதல் 16 வரை வாசிச்சுப் பாருங்க. கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்கள்ல யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கலைன்னு பவுல் அடிச்சுச் சொல்றார். அப்புறம் ஞாபகம் வருது, ஆங், ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன். வேற யாருக்காவது கொடுத்தேனான்னு தெரியலைங்கிறார். மேல சொன்னதை அடிச்சுட்டுப் புதுசா எழுதலை. சொன்னது, திருத்தம், மறதி மூணும் அப்படியே வேதத்துக்குள்ள உக்காந்திருக்கு. லூக்கா தன் சுவிசேஷத்தை, எல்லாத்தையும் ஆதியோட விசாரிச்சு எழுதுறேன்னு ஒரு வரலாற்று மாணவன் மாதிரி தொடங்குறார். சொல்லச் சொல்ல எழுதினவங்க பேச்சு இல்லை இது.

இப்ப நம்ம கரைக்கு வர்றேன். இந்தக் கேள்விக்குத் தமிழ்ல ஒரு நீண்ட கதை இருக்கு. அதுல பாதி எங்க ஊரைச் சுத்தித்தான் நடந்தது.

முத்துக்குளித்துறையில் பரதவர்கள் கூட்டமா கிறிஸ்தவத்துக்கு வந்தது 1535-37 வாக்கில். சேவியர் வந்தது 1542. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆட்களை வச்சு ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊரா சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச காலம் கழிச்சுத்தான் தப்பு பிடிபட்டது. "விசுவசிக்கிறேன்"னு வரவேண்டிய இடத்துல "எனக்கு வேணும்"னு இருந்திருக்கு! கூட வேலை செய்த மன்சிலாசுக்கு, இனி அப்படிச் சொல்லாதே, "விசுவாசம்"கிற சொல்லைப் போடுன்னு கடிதம் எழுதுறார். அதுவரைக்கும் இந்தக் கடற்கரை முழுக்க, கடவுளை நம்புறேன்னு சொல்றதா நினைச்சுக்கிட்டு, கடவுள் எனக்கு வேணும்னு சொல்லிட்டிருந்தாங்க. எனக்கென்னவோ அதுவும் நல்ல ஜெபமாத்தான் தெரியுது :-). அதனால யாருடைய ஞானஸ்நானமும் செல்லாமப் போகலை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் முதல் பக்கத்துலயே ஒரு பிழைதிருத்தம் இருக்குங்கிறதுதான் விஷயம்.

அவருக்குப் பின்னால வந்த என்றீக் என்றீக்கஸ் தமிழை ஒழுங்காப் படிச்சார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 16 பக்க 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல். 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். கவனிங்க, அது பைபிள் இல்லை, ஜெப உபதேசப் புத்தகம். இந்தக் கரை மக்கள் கையில அச்சடிச்ச தமிழ் பைபிள் இல்லாமலே தலைமுறை தலைமுறையா கிறிஸ்தவர்களா இருந்தாங்க. பாதிரியார், மாதா, தேர், ஜெபமாலை. புத்தகத்துல பிழை உண்டாங்கிற கேள்வி அவங்களுக்கு வயித்தைக் கலக்குற கேள்வியா இருந்திருக்காது. புத்தகத்தின் மேலயே வீடு கட்டின எங்களை மாதிரி புராட்டஸ்டண்டு ஆட்களுக்குத்தான் அந்தக் கவலை.

புத்தகக்காரங்க கதை தரங்கம்பாடியில தொடங்குது. சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கி, 1715-க்குள்ள புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சுட்டார். அந்த மொழி சரியில்லைன்னு பப்ரிசியுஸ் சென்னையில உக்காந்து வருஷக்கணக்கா இழைச்சு, 1772-ல் தன்னுடைய புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். பழைய ஏற்பாடு முழுசா அச்சாகி முடியறதுக்குள்ள, 1791-ல், ஆள் போய்ச் சேர்ந்துட்டார். ஒரு தலைமுறை கழிச்சு ரேனியஸ். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். பப்ரிசியுஸ் சொல்லுக்குச் சொல் போறார், தமிழர் வாயில வர்ற மாதிரி இல்லைங்கிறது அவர் கட்சி. வேதத்தை எப்படி மொழிபெயர்க்கணும்னு 1827-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அவருடைய புதிய ஏற்பாடு 1833-ல் வந்தது.

இங்கதான் சண்டை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க முடியாது, பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்தவர்தான். பப்ரிசியுஸ் வேதத்தில் கை வைக்கிறதா கேள்விப்பட்டு, 1820-களில் அதை எதிர்த்து எழுதித் தள்ளினார். எங்க அப்பன் பாட்டன் மனப்பாடம் பண்ணி, பாடி, சாகும்போது உச்சரிச்ச சொற்களை நேத்து வந்த பாதிரியார் எப்படி மாத்தலாம்? அவர் பக்கம் நின்னு பார்த்தா கோபம் நியாயமாத்தான் படுது. ஆனா ஒண்ணையும் மறைக்கக் கூடாது. அதே காலத்துல, அதே கோபத்தோட, திருவிருந்தில் சாதி வித்தியாசம் பார்க்காம ஒண்ணா உக்கார வைக்கிறதையும் அவர் எதிர்த்தார். ஒரு எழுத்தும் மாறக்கூடாதுன்னு சொல்ற கை, வேற எதெல்லாம் மாறக்கூடாதுன்னு சேர்த்துப் பிடிச்சிருக்குன்னு பார்க்க வேண்டியிருக்கு. தமிழ்ல "வேதத்தைத் திருத்தாதே"ங்கிற போராட்டத்தின் வரலாறு இந்த ரெண்டும் சேர்ந்ததுதான்.

அவர் காப்பாத்த நினைச்சது எபிரெய மூலத்தை இல்லை, ஒரு ஜெர்மன்காரர் செய்த மொழிபெயர்ப்பை. லுத்தரன் சபைகளில் அது ரொம்ப காலம் புழங்கவும் செய்தது.

அப்புறம் யாழ்ப்பாணத்துல பெர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரைத் துணைக்கு வச்சுக்கிட்டு ஒரு பைபிள் கொண்டுவந்தார். 1850. சென்னைப் பக்கத்துல அது எடுபடலை. கடைசியில எல்லா மிஷனுக்கும் பொதுவா ஒரு குழு போட்டு, ஹென்றி பவர் தலைமையில பப்ரிசியுஸை அடிப்படையா வச்சுத் திருத்தி, 1871-ல் முழு வேதாகமம் வந்தது. இடையன்குடி கால்டுவெல்லும் அந்தக் குழுவில் இருந்தார். அதுதான் ஆச்சி தலைமாட்டுல இருக்கிற கறுப்பு அட்டைப் புத்தகம். இன்றைக்கும் "பழைய திருப்புதல்". 1936-ல் லார்சன் மறுபடி திருத்தினார். தமிழும் நல்லா இருந்தது, மூலப் பாடமும் நல்லது. சனங்க கண்டுக்கலை. ஒரு காலத்துல "புதுத் திருத்தல்"னு திட்டு வாங்கின பரம்பரையில் வந்த பவர் பைபிள்தான் இப்ப தொடக்கூடாத பழசு!

கடவுள்ங்கிற ஒரே சொல்லைப் பாருங்க. என்றீக்கஸுக்குத் தம்பிரான். சீகன்பால்குவுக்கு சருவேசுரன். பப்ரிசியுஸுக்குப் பராபரன். பவருக்கு தேவன். லார்சனுக்குக் கடவுள். இதுல எது பிழை?

1881-க்கு வர்றேன்னு சொன்னேன். அந்த வருஷம் வார்பீல்டு கட்டுரை வந்த அதே நேரத்துல, இங்கிலாந்துல திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு வெளியாச்சு. (கால்டுவெல்லோட திருநெல்வேலி சரித்திரமும் அதே 1881. சும்மா ஒரு கொசுறு.) அந்த ஆங்கிலத் திருத்தத்துல ஒரு வசனம் காணாமப் போச்சு: 1 யோவான் 5:7-ல் பரலோகத்தில் சாட்சி கொடுக்கிற மூவர், பிதா, வார்த்தை, ஆவி. திரித்துவத்துக்கு இதைவிட நேரடியான வசனம் பைபிள்ல கிடையாது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை, லத்தீன் வழியா உள்ள வந்தது. எராஸ்முஸ் 1516-லும் 1519-லும் தன் கிரேக்கப் பதிப்பில் அதைச் சேர்க்கலை. எதிர்ப்பு வந்து 1522-ல் சேர்த்தார். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், தமிழ் பழைய திருப்புதலுக்கும் வந்துடுச்சு. நம்ம 1871 பைபிள் பத்து வருஷம் பொறுத்திருந்தா ஒருவேளை வந்திருக்காது.

மில்லர்புரத்துல ஆச்சி வீட்டுக்குப் பக்கத்து வீடு கத்தோலிக்க வீடு. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழான்னா எங்க வீட்டுக்கும் பலகாரம் வரும், கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து போகும். அந்த அக்கா வீட்டுல இருக்கிறது 1995-ல் வந்த 'திருவிவிலியம்'. அதை இரவல் வாங்கி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பரலோகச் சாட்சிகள் வசனம் ஆச்சி புத்தகத்துல இருக்கு, அக்கா புத்தகத்துல இல்லை. ஆச்சி புத்தகத்துல 66 ஆகமம். அக்கா புத்தகத்துல தோபித்து, யூதித்து, மக்கபேயர்னு சேர்ந்து 73. அந்த ஏழும் நம்மாட்களுக்கு அன்னியம்னு நினைக்காதீங்க. லூத்தருடைய 1534 ஜெர்மன் பைபிளிலும், 1611 கிங் ஜேம்ஸ் பைபிளிலும் அவை தனிப் பகுதியா அச்சாகித்தான் இருந்தது. பிரிட்டிஷ் பைபிள் சொசைட்டி 1820-களில் பெரிய சண்டைக்குப் பிறகு அவற்றுக்குப் பணம் தர்றதை நிறுத்திச்சு.

ஒரே காம்பவுண்டு சுவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பைபிள். ஒரு எழுத்தும் பிசகாத புத்தகம்னா, எந்தப் பக்கத்துப் புத்தகம்? எத்தனை ஆகமம் வேதம்ங்கிற பட்டியல் வேதத்துக்குள்ள எங்கயும் கிடையாது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி எச்சரிக்கை, கூட்டவும் குறைக்கவும் கூடாதுங்கிறது, அந்த ஒரு புத்தகத்தைப் பத்திப் பேசுது. கத்தோலிக்கர்கள் பிழையின்மையை விட்டுட்டாங்கன்னும் நினைச்சுக்காதீங்க. ரெண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965 ஆவணம், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதி வைக்க விரும்பின உண்மையை வேதம் பிழையில்லாமக் கற்பிக்குதுன்னு சொல்லுது. "மீட்புக்காக"ங்கிற அந்த ஒரு சொல்லில் அகசியாவின் வயசு கழண்டு விழுந்துடுது. அந்த வரியை எப்படி வாசிக்கிறதுன்னு அங்கயும் வாதம் உண்டு. ஆனா தீமோத்தேயு வசனத்துக்குப் பக்கத்துல வச்சா எனக்கு இதுதான் பொருந்துது. அங்கயும் அந்த எழுத்துக்கள் எதுக்குன்னா, இரட்சிப்புக்கேத்த ஞானம் வர்றதுக்குன்னுதான் இருக்கு.

ஹாஸ்டல் அண்ணனைத் திட்டுறதுக்காக எழுதலை. அவரும் யாரோ சொன்னதைத்தான் சொல்லியிருப்பார். ஆனா "ஒரு தப்பு இருந்தா மொத்தத்தையும் தூக்கிப் போடு"ங்கிறதை அவர் எந்த வசனத்திலிருந்தும் எடுக்கலை. பத்தொன்பது வயசுப் பையன் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு மாடியில போய் உக்காந்துட்டான். அவன் திரும்ப நம்பணும்னு நான் கட்டாயப்படுத்தப் போறதில்லை. நம்பாம போறதுன்னா வேற பெரிய காரணங்கள் இருக்கு, யோபு புத்தகத்துலயே இருக்கு. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல கை தவறின ஒரு எழுத்தருக்காகப் போக வேண்டாம்னுதான் சொன்னேன். "யோசிக்கிறேண்ணே"ன்னான்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எட்டரை மணிக்கு ஆச்சி பாய் விரிச்சப்ப, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு இடத்தையும் எடுக்கச் சொன்னாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரல் வச்சு, இராஜாக்களை ஒரு தடவை, நாளாகமத்தை ஒரு தடவை வாசிச்சாங்க. அப்பனோட வயசையும் பார்த்தாங்க. விரல் விட்டுக் கூட்டினாங்க.

"எழுதுனவன் அசந்திருப்பான்"னாங்க. "இதுக்கா அவன் சாப்பிடக்கூட கீழ வரமாட்டேங்கான்?"

அப்புறம் புத்தகத்தை மூடாம, இன்னைக்கு சங்கீதம் வாசிக்கிற முறை யாருதுன்னு மாடிப் படியைப் பார்த்துச் சத்தமா கேட்டாங்க. மேல லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு நானே வாசிச்சேன்.